மணலில் முதுகு காட்டி

வேலை போன பிறகு மகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. மனைவி எட்டரைக்கே ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டுக்குள் வெயிலே எட்டிப் பார்க்காது. அதனால் பத்து மணிக்கு இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு பார்க்குக்குப் போவேன். அங்கே அம்மாக்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் தணியும். நான் தள்ளியிருக்கும் பெஞ்சுக்குப் போய்விடுவேன்.

மணலில் தினமும் ஒரு பையன் இருப்பான். இவளைவிடச் சில மாதம் பெரியவன். இந்த ஊர்க் கன்னடக் குடும்பம், அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும் தர்மபுரிக்காரர். என் மகள் அவனுக்கு ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டி உட்காருவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒரு மாதம் இப்படியே போனது. யாரோடும் ஒட்டாத என் சுபாவம் அவளுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன்.

ஒருநாள் அந்த அக்காவிடம் கேட்டே விட்டேன். “ஏன்க்கா, ரெண்டும் சேர்ந்தே ஆட மாட்டேங்குதே?”

“இந்த வயசுல அப்படித்தான் சார். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும், அதது பாட்டுக்கு ஆடிக்கும். மூணு வயசு ஆவட்டும், அடிச்சிக்கும், அப்புறம் சேந்துக்கும்.”

அவர் சிரித்தார். அந்த வாரம் வீட்டுக்கு வெளியே என்னிடம் அவ்வளவு நேரம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பையனும் அக்காவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பையனின் குடும்பம் வேறு ஏரியாவுக்கு வீடு மாறிவிட்டதாக பார்க் வாட்ச்மேன் சொன்னார். மகள் மணலில் உட்கார்ந்தாள், மணல் அள்ளும் கப்பைத் தொடவில்லை. எழுந்து பார்க் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அண்ணா?” என்றாள். அவனைப் பற்றி அவள் வாய் திறந்ததே அன்றுதான்.

“அண்ணா வேற வீட்டுக்குப் போயிட்டான்டா.”

அவள் கப்பில் மணலை நிரப்பிக் கவிழ்த்தாள். மேலே இரண்டு தட்டு தட்டிவிட்டு, “பந்த்து!” என்று கத்தினாள். வந்துவிட்டது என்பதற்கான கன்னடச் சொல். எங்கள் வீட்டில் யாருக்கும் கன்னடம் வராது. அந்தப் பையன்தான் ஒவ்வொரு முறையும் அப்படித் தட்டிக் கத்துவான். முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், பார்த்திருக்கிறாள்.

போய் அவளருகே குந்தினேன். “அப்பா ஆட வரட்டா?”

“வேணாம். போ.”

பெஞ்சுக்குத் திரும்பினேன். சில வாரங்களில் அவள் வாசல்வரை போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அந்த அக்காவின் நம்பரை வாங்கி வைத்திருக்கலாம் என்று எனக்குத்தான் இன்னும் தோன்றுகிறது.