ஒன்பதாவது இடம்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பாரிவாக்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்ற சக புரோகிராமர் உலகநாதன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தச் சின்ன மாடி அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுபோன காகிதக் கட்டு என்ன ஆகும் என்பதுதான் சகாயமேரிக்கு முதலில் வந்த நினைப்பு. பிறகு அதற்காகப் பலமுறை வெட்கப்பட்டாள்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். அந்த அலுவலகத்தில் தொழிற்சாலைகளுக்கென்று சொந்தமாக ஒரு கணினி மொழி செய்திருந்தார்கள். அதை ஓட்டும் வெர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல வேலை செய்யும். மூன்று வாரமாக அது அரைநாள் ஓடி விழுந்துகொண்டிருந்தது. விழும்போதெல்லாம் திரையில் வந்தது மேரி எழுதிய பகுதியின் பெயர். வேலை நிரந்தரமாகாதவள் அவள். மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வரவேண்டாம் என்று மேனேஜர் நாகேந்திரன் புதன்கிழமை கடிதமே கொடுத்துவிட்டார்.

உலகநாதன் எதையும் நம்பாதவர். டீயை மோந்து பார்த்துத்தான் குடிப்பார். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுப்பார்.

"இன்னா சார், பூட்டு மேலயும் டவுட்டா?" என்பாள் அலுவலகம் பெருக்கும் அங்கம்மா.

"உம்மேலயும்தான்."

மெஷினில், பயன்முடிந்த நினைவகத்தைத் துப்புரவு செய்யும் பகுதி அவருடையது.

"வுயுந்த எடத்தையே பாத்துகினு கீறியே மேரி, தள்ளுனது யாருன்னு பாரு" என்றார் ஒருநாள்.

"தள்ளுனவங்க சொல்வாங்களா சார்?"

அன்று மாலை புரோகிராம் முழுவதையும் அச்சடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். தன் பிழையை மறைக்கத்தான் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி வசந்தா அந்தக் கட்டை எடுத்து நீட்டினாள். "இத்த உங்கிட்டதான் குடுக்கணும்னாரும்மா."

திரும்பும் பஸ்ஸில் பிரித்தாள். சிவப்புப் பென்சில் வட்டமிட்டிருந்தது அவருடைய பகுதியைத்தான். மேரியின் பகுதி இன்னும் கையில் வைத்திருந்ததையும் குப்பையென்று அது அள்ளிக் கொட்டியிருக்கிறது. ஓரத்தில் 'தவறு என்னுடையது' என்று எழுதித் தேதி போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை. கடிதம் வந்தது புதன். வியாழன் முழுக்க எதிரேதான் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் திருத்திவிட்டுச் சொல்ல நினைத்தாரா, சொல்லாமலே விட நினைத்தாரா? வசந்தா சொன்னதைக்கூட அவளால் முழுதாக நம்ப முடியவில்லை.

திங்களன்று நாகேந்திரன் காகிதங்களைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

திருத்தவேண்டிய இடங்கள் என்று உலகநாதன் ஒன்பது எண்கள் போட்டிருந்தார். எட்டுக்கு எதிரே, திருத்தியாயிற்று என்று டிக் இருந்தது. ஒன்பதாவதற்கு எதிரே ஒன்றுமில்லை.