சிவப்பில் இருந்த பிள்ளை

டெப்கள் வந்து இறங்கிய நாளில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. சாய்ந்தமருதில் எங்கள் பாடசாலை முற்றத்தில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. பன்னிரண்டு டெப்களை, கையடக்கத் தொடுதிரைக் கணினிகளை, இறக்கினார்கள். அதிபர் அன்றைக்கென்று கழுத்துப்பட்டி கட்டி வந்து, படம் எடுக்கும்போது பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றார். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாக அதே வகுப்பு. அந்தக் காலத்துக்குள் எத்தனையோ திட்டங்கள் என் வகுப்புக்குள் வந்து என் அலுமாரிக்குள் போயிருக்கின்றன. எழுத்துப் பழக்க வந்த மணல் தட்டுகள் இன்னும் மேல் தட்டில்தான் இருக்கின்றன, அதற்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது.

பயிற்சி தர வந்த பெண் பொறுமையாக விளக்கினார். திரையில் ஒரு கதை வரும். ஒரு குரல் அதை வாசிக்கும், வாசிக்கும் சொல் மஞ்சளாக மின்னும். பிறகு குரல் நின்றுவிடும், பிள்ளை தானாக வாசிக்க வேண்டும். சரியாக வாசித்தால் அடுத்த கதை. கணக்கும் அப்படித்தான், கேள்வியைக் குரல் சொல்லும், பிள்ளை விடையைத் தொட வேண்டும். ஆசிரியரின் திரையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் நிறத்தோடு தெரியும். பச்சை என்றால் வாசிக்கிறது, மஞ்சள் என்றால் நெருங்கிவிட்டது, சிவப்பு என்றால் இன்னும் இல்லை. "இனி நீங்கள் ஒவ்வொரு பிள்ளையாக இருத்தி வைத்துக் கேட்கத் தேவையில்லை டீச்சர்" என்றார். முப்பத்தொரு பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுக் காது களைத்த எனக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

பாடசாலை விட்ட பிறகு அரை மணி நேரம் வகுப்பின் மூலையில் ஒரு பாயை விரித்து, வாசிக்க முடியாத ஏழு பிள்ளைகளை இருத்திச் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அந்த ஏழில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். அவளுடைய உம்மா சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்தார். வாப்பா ஆழ்கடல் படகில் போகிறவர், கரையில் நிற்கும் நாட்கள் குறைவு. உம்மாவின் தங்கையான சாச்சியின் வீட்டில்தான் அவள் வளர்ந்தாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும் என்ற யோசனையும் அன்றைக்கே பிறந்துவிடும். அந்த வீட்டுக்காகத்தான் உம்மா போயிருந்தார். சுவர் யன்னல் உயரத்துக்கு வந்து நின்றிருந்தது.

வருடத் தொடக்கத்தில் அந்த உம்மா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "டீச்சர், புள்ள இந்த வருஷமும் வாசிக்காட்டி நான் முடிச்சிட்டு வந்திருவன். ஊடு அரையில நிண்டாலும் பறுவால்ல. எனக்கு உங்கட கதைதான் நம்பிக்கை, என்னெண்டு பாத்துச் சொல்லுங்க." வெளிநாட்டில் இருக்கும் உம்மாமார் இப்படித்தான். பிள்ளையைப் பற்றி டீச்சர் சொல்லும் ஒரு வரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்வார்கள். நான் அதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

டெப் வந்து ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளை மஞ்சளாகி, இரண்டாம் மாதத்தில் பச்சையானாள். கணக்கில் அவள் எப்போதுமே கெட்டிக்காரி, அது எனக்கு அதிசயமில்லை. வாசிப்பில் பச்சை வந்ததுதான் அதிசயம். மூலையில் டெப்பை மடியில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் மெல்ல ஆடி, விரலை வரியின் கீழ் இழுத்துக்கொண்டு, நிறுத்தாமல் வாசிப்பாள். குரலும் இனிமை. மற்றப் பிள்ளைகள் தங்கள் டெப்பை விட்டுவிட்டு அவளைக் கேட்பார்கள். பாய் வகுப்புப் பிள்ளைகளில் ஐந்து பேர் பச்சைக்கு வந்துவிட்டார்கள் என்று அதிபருக்குக் காட்டினேன். "அப்ப என்னத்துக்கு டீச்சர் பாய்?" என்றார். சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அரை மணி நேரம் முந்தி வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கிழமை சாச்சி வந்தார். தாத்தா என்று அவர் சொல்வது தன் மூத்த சகோதரியை, பிள்ளையின் உம்மாவை. "தாத்தா கேக்கா டீச்சர், புள்ளட விசயம் என்னெண்டு." திரையைப் படமெடுத்து, மற்றப் பெயர்களை வெட்டிவிட்டு, அவளுடைய பச்சையை மட்டும் அனுப்பினேன். கீழே "நன்றாக வாசிக்கிறாள்" என்று என் கையால் எழுதினேன்.

இரண்டு நாளில் குரல் செய்தி வந்தது. அழுதுகொண்டே சிரிக்கும் குரல். "அல்ஹம்துலில்லாஹ் டீச்சர். வீடியோவில எனக்கு முழுக் கதையும் வாசிச்சுக் காட்டினாள். இப்பான் மனசு ஆறிச்சி. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுட்டன். ஊட்டுக்கு மேல மூடிரலாம்." நல்லது என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை ஒரு டெப் இறுகிப்போனது. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது, எத்தனை தட்டினாலும் அசையவில்லை. அது அவளுடைய கையில் இருந்த டெப். அவள் அதைக் கவனிக்கவில்லை. ஆடிக்கொண்டே நான்காம் பக்கத்தைச் சொன்னாள், ஐந்தைச் சொன்னாள், ஆற்றைக் கடந்து ஆமை வீடு போய்ச் சேர்ந்தது. திரையில் ஆமை இன்னும் கரையில்தான் நின்றது. விரல் மட்டும் வரிகளின் கீழ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

நான் அவளைப் பக்கத்தில் இருத்தி, ஒரு தாளில் "ஆடு புல் தின்றது" என்று எழுதிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "குரல் முதல்ல சொன்னாத்தான் டீச்சர் எனக்கு வரும்" என்றாள். ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. அப்படித்தான் வாசிப்பது என்று அவள் நினைத்திருந்தாள்.

பின்னேரம் குர்ஆன் ஓதப் போகிற இடத்தில் பிள்ளைகள் அப்படித்தான் படிப்பார்கள். ஓதிக் கொடுப்பவர் ஒரு வரி ஓத, பிள்ளைகள் ஆடிக்கொண்டே திருப்பி ஓத, விரல் எழுத்தின் கீழ் போகும். முதலில் ஓசை, பிறகுதான் எழுத்து. நானும் அப்படித்தான் ஓதினேன், என் விரல் எப்போதும் ஒரு வரி பிந்தித்தான் இருக்கும். ஓதுவதற்கு அது அழகு. அந்த ஆட்டத்தை நான் இரண்டு மாதம் என் கண்ணால் பார்த்திருந்தேன். என் சொந்த முதுகே ஒரு காலத்தில் ஆடிய ஆட்டம். கொழும்பில் இருந்து வந்த இயந்திரத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது, நெஞ்சு வரை வந்த வெட்கம். வீட்டுக்குப் போய்ச் சோறாக்கியதும் அதுவும் போய்விட்டது.

அதிபரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "டீச்சர், பச்சையைச் சிவப்பாக்குறத்துக்கு நம்மள யாரும் தட்டிக் குடுக்கப் போறல்ல. வலயக் கல்வி ஒபிசில இருந்து பாக்க வாறாங்க. நீங்க பாய விரிக்கிறதெண்டா விரிங்க, நான் காணல்ல" என்றார். அவர் காணாததே பெரிய உதவி. பாயை இறக்கி உதறினேன். குரலை நிறுத்திவிட்டுக் கதையை மட்டும் வாசிக்க விட்டதும் இயந்திரம் அவளை, சொல்லை வாசித்து அதற்குரிய படத்தைத் தொடும் முதல் படிக்கு இறக்கியது. பெயர் சிவந்தது.

உம்மாவுக்கும் சொன்னேன். எழுதாமல், பேசிச் சொன்னேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. மூன்று நாள் போனது. பிறகு குரல் செய்தி வந்தது, இந்த முறை அழுகையோ சிரிப்போ இல்லை. "கையெழுத்து வெச்சிட்டன் டீச்சர், உட்டுட்டு வர ஏலா. மறுகா மேடத்திட்ட கேட்டன். புள்ளட படிப்பு சரியில்லண்டு காட்டினா பெருநாளைக்கு ஒரு மாசம் லீவு தருவாவாம். அந்தச் சிவப்பப் படமெடுத்து அனுப்புங்க. மாசா மாசம் அனுப்புங்க, திருந்திட்டுதெண்டா உடமாட்டா." உம்மா இதையே சாச்சிக்கும் சொல்லி அனுப்ப, அவருடைய தொலைபேசியில் பிள்ளையும் கேட்டிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் பாயில் வந்து இருந்தாள். ஆடாமல் இருக்கப் பழக்கினேன். எழுத்து எழுத்தாக, சொல் சொல்லாக இரண்டு மாதம் போனது. தாளில் எழுதிக் கொடுப்பதை மெல்லப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். டெப்பைக் கொடுத்தால் பிழையான படத்தைத் தொடுவாள். ஒன்றிரண்டு தற்செயலாகவாவது சரி வர வேண்டுமே, ஒன்றும் வராது. திங்கட்கிழமைகளில் என் மேசைக்கு வந்து, "சிவப்பா இரிக்கா டீச்சர்?" என்று கேட்பாள். ஓம் என்றால் போய் இடத்தில் இருப்பாள். பாவம், பிள்ளைக்குக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு.

ஒரு நாள் பாய் வகுப்பு முடிந்து, அவளுடைய வழியும் என்னுடைய வழியும் ஒன்றானதால் சேர்ந்து நடந்தோம். பாடசாலைக்குப் பின்னால் கடலுக்குப் போகும் வாய்க்காலான தோணா ஓரம் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள், பெயிண்ட் மணம் போகவில்லை. நான் வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் வாசித்தாள். "இவ்விடத்தில் குப்பை போட வேண்டாம். மீறினால் தண்டப்பணம் அறவிடப்படும்." அறவிடப்படும் என்ற இடத்தில் ஒருமுறை தடக்கி, திரும்பிப் போய், சரியாக எடுத்தாள். எந்தக் குரலும் அவளுக்கு அதை முதலில் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

நான் குடையோடு நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். தான் செய்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை.

"டீச்சர், உம்மாட்டச் சொல்லாதீங்க" என்றாள். "நான் பெருநாளைக்குப் பொறகு வாசிக்கன்."

வாசிக்கத் தெரியாத பிள்ளையைத் தெரியும் என்று எழுதி அனுப்பியவள் நான். "ஓம்" என்றேன். குடையை அவள் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு தெரு முடக்கு வரை நடந்தோம்.

மாதக் கடைசியில் திரையைத் திறந்தேன். அவளுடைய பெயர் சிவப்பில் இருந்தது. படமெடுத்து, மற்றப் பெயர்களை வெட்டிவிட்டு, உம்மாவுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை.