பீரங்கிக்குப் பின்னால் நின்றவர்

கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரமாகிறது. எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

மலைநாட்டில் உக்குவளைக்கு மேலே, என் கணவர் பிறந்த எஸ்டேட் தோட்டத்தில் ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. அதன் பின்னால்தான் அவரை அடக்கம் செய்தோம். வருஷா வருஷம் நானும் என் ஒரே மகன் ரொஷானும் போவோம். கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூ வைப்போம். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்க ஆளில்லாத கல்லறை ஒன்றுக்கும் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். எங்கள் குடும்பத்தின் பங்கு, ஒரு வெள்ளைக்காரரின் கல்.

அந்தக் கல்லின் நெற்றியில் மூலைமட்டமும் கவராயமும் செதுக்கியிருக்கும். கீழே எழுத்து இருந்த இடம் முழுக்கப் பாசி. அதனால் அவர் கட்டட வேலை பார்த்தவர் என்று தோட்டமே முடிவுகட்டிவிட்டது. கொத்து வேலைக்காரர்கள் புது வீட்டுக்கு அத்திவாரம் போடுமுன் இங்கே வந்து தேங்காய் உடைப்பார்கள். கிறிஸ்தவக் கல்லறையில் தேங்காயா என்று கேட்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

இந்த வருஷம் ரொஷான் ஒரு கம்பித் தூரிகை கொண்டுவந்திருந்தான். தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்தது. தேங்காயோடு வந்து நின்ற செல்வம் பாஸ் — எங்கள் பக்கத்தில் பாஸ் என்றால் கொத்தனார்; எங்கள் வீட்டைக் கட்டியவரும் இவர்தான் — எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி எழுதியிருக்கு? பெரிய பாஸுனு போட்டிருக்கா?"

"இல்லண்ணே. பீரங்கிப் படை லெப்டினன்ட். ஃப்ரீமேசன் சங்கத்து ஆளு. அந்தச் சங்கத்துக்கு இதுதான் அடையாளம். வீடு கட்டுன ஆளு இல்ல."

"பீரங்கியா?" செல்வம் பாஸ் தேங்காயைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "இத்தன வருஷமா வீட்ட இடிக்கிற ஆளக் கும்பிட்டா நான் வீடு கட்டுனேன்? பரவால்ல, ஒண்ணும் இடியல."

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்... அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ரொஷான் மிச்சத்தையும் வாசித்தான். முதலாம் உலகப்போர். பிரான்ஸ். வயது இருபத்து மூன்று. உடல் கிடைக்கவில்லை. கல்லை நாட்டியவர்கள்: தாயும் தந்தையும், சங்கத்துச் சகோதரர்களும்.

அப்படியென்றால் உள்ளே யாருமில்லை. இத்தனை வருஷமும் வெறும் மண்ணுக்கா மெழுகுதிரி ஏற்றினோம்?

"அட, நம்ம தம்பி வயசு," என்றார் செல்வம் பாஸ். பிறகு ரொஷானின் தோளைத் தட்டினார். "தம்பி பாத்துப் போயிட்டு வாங்க. வெளிநாட்டுப் பட்டாளம்னா சும்மாவா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன பட்டாளம்?"

அவர் முகம் மாறியது. "டீச்சருக்குத் தெரியாதா? கடத்தெருவுல எல்லாரும் பேசிக்கிறாங்களே..."

ரொஷான் சீகிரியாவில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டில் ஹோட்டல் வேலை சரிவந்திருக்கிறது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தான். நானும் ஊரெல்லாம் பெருமையடித்திருந்தேன்.

"சண்டைக்கு இல்லம்மா," என்றான், தூரிகையைப் பார்த்தபடி. "கேம்ப்ல சமையல் மட்டுந்தான். ஏஜென்ட் சத்தியம் பண்ணிச் சொன்னாரு."

"கேம்ப் எங்க இருக்கு?"

"சண்டை நடக்கிற எடத்துல இருந்து தூரம்மா. பீரங்கி எல்லாம் நிறுத்தி வச்சிருக்கிற எடம். பின்னால. பீரங்கி எப்பவும் பின்னாலதானே நிக்கும்."

கல்லைக் காட்டினேன்.

அவன் பார்த்தான். செல்வம் பாஸும் பார்த்தார். பீரங்கிப் படை என்ற எழுத்து, அப்போதுதான் தேய்த்த ஈரத்தோடு பளிச்சென்று இருந்தது. இவரும் பின்னால் நின்றவர்தானே?

செல்வம் பாஸ் தேங்காயை உடைக்காமல் மெதுவாக நழுவிவிட்டார்.

அந்தத் தாயை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தோட்டத்துத் துரையின் மனைவியாகப் பங்களாவில் வாழ்ந்திருப்பாள். மகனுக்குச் சங்கம் இருந்தது, பதவி இருந்தது. இருந்தும் அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு கல். என் கணவர் எங்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியும். தொட்டுக் கழுவ ஓரிடம் இருக்கிறது. அதுகூட ஒரு கொடுப்பினை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிள்ளைகள் ஏன் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நம்மிடம் மட்டும் மறைக்கிறார்கள்? நாம் பயப்படுவோம் என்றுதான். சரி... பயப்படுகிறோம். பயப்படாமல் இருக்க இவர்களை எதற்குப் பெற்றோம்?

ரொஷான் இன்னும் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. அம்மா பத்திரிகையில் எழுதுவதைத் தவறாமல் வாசிப்பான். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன் —

மகனே, அலுமாரியைக் கிளறாதே. பாஸ்போர்ட் அங்கே இல்லை.