பூமயில் சொல்லாத வசனம்

தங்கச்சிமடம் மீன் சந்தையில் பூமயிலிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். அந்தப் பழைய படத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்த ஒருவன் முகத்தில் ஒரு தடவை திருக்கை மீன் வந்து விழுந்திருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த சிவமணிக்கு இது தெரியாது. பழைய படங்களின் போஸ்டர், பாட்டுப் புத்தகம், பிலிம் சுருள் என்று தேடித் தேடிச் சேர்க்கிறவர். ‘மாப்பிள்ளைக்கு மூணு மாமியார்’ போஸ்டரை அவள் பலகையில், நகரை மீனுக்குப் பக்கத்தில் விரித்தார்.

“படத்துக்கு ஒரே ஒரு பிரிண்ட்தாம்மா மிச்சம். அதுல நீங்க வர்ற நாப்பது செகண்டுக்காகவே ஆளுங்க அலையுறாங்க. அந்த வசனத்தை ஒருவாட்டி கேமராவுக்குச் சொல்லிட்டு, இந்தப் போஸ்டர்ல ஒரு கையெழுத்து.”

“எந்த வசனம்?”

“‘மாப்ளே, மீன் வேணுமா, நான் வேணுமா?’” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பூமயிலுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அந்தப் படம் எடுத்தபோது அவளுக்குப் பதினெட்டு. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கிறபோது கயிற்றை யாரும் தாண்டக் கூடாது, தாண்டினால் மீன் சேரும் வலையின் மடி வெறுமையாக வரும் என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. படம் பிடிக்க வந்த சிரிப்பு நடிகன் மாப்பிள்ளை வேஷத்தில் மூன்று தடவை தாண்டினான். நாலாவது தடவை அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. சென்னைக்குக் கொண்டுபோய் அவள் வாயில் வேறொருத்தியின் கொஞ்சல் குரலை வைத்துத் தைத்துவிட்டார்கள்.

படம் எங்கும் ஓடவில்லை, ராமநாதபுரத்தில் மட்டும் மூன்று வாரம். பரிசம் போட இருந்த அத்தை மகன் பார்த்துவிட்டு வந்து, “ஊரே பார்க்க இப்படிக் கேட்டவளையா நான் கட்டுவேன்?” என்று போனவன்தான். பிறகு பஸ்ஸில், கோயில் வாசலில், சந்தையில், ஐம்பது வருடமாக அதே வசனம்.

“அது என் வாய்தான்யா. என் பேச்சில்ல,” என்றாள். “கேமராவப் போடு. நான் சொன்னதச் சொல்றேன்.”

போட்டார்.

“‘ஏலே, பதினாறு வீட்டு அடுப்பு இந்தக் கயித்துலதான்டா எரியுது. நீ தாண்டித் தாண்டி விளையாட இது என்ன உங்க ஆத்தா கட்டுன தூளிக் கயிறா? அங்கன தள்ளி நில்லுடா!’ இதாய்யா நான் சொன்னது.”

சிவமணி கேமராவை இறக்கவில்லை. “சூப்பர்ம்மா. முடிக்கையில அந்த வசனத்தையும் ஒரே ஒருவாட்டி...”

பூமயில் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. போஸ்டரில் பல்லிளிக்கும் மாப்பிள்ளையின் முகத்துக்குக் குறுக்கே ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்: ‘இத நான் சொல்லல. பூமயில்.’

“ஐயோ, அம்மா! நாட்டுலயே இந்தப் போஸ்டர் ஒண்ணுதான் இருக்கு!”

செதிலோடு அதைச் சுருட்டி அவர் கையில் திணித்தாள்.

“அப்பச் சரி. ஒண்ணுல எழுதுனாப் போதும்.”