ஸ்டெல்லா எழுதாத வரி

கல்லூரியில் எங்கள் துறை மலருக்கு இந்த வருடம் நான் எடிட்டர். எனக்கு இதுதான் முதல் முறை.

இன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் ஜூனியர் ஸ்டெல்லா. கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய தன் ஊரைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை, நான் திருத்திய பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா இந்த வரி நான் எழுதல."

'தாங்க முடியாத நாற்றத்தில் வாழ்கிறோம்.' நான் சேர்த்த வரி.

"எங்களுக்கு நாத்தமே தெரியாதுக்கா. சொந்தக்காரங்க வந்து மூக்கப் பொத்துனாதான் ஞாபகம் வரும். அதத்தான் எழுதியிருந்தேன். நீங்க அடிச்சிட்டீங்க."

அழுத்தம் போதவில்லை என்று அடித்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க ஊரு வந்துடுச்சி போல. கொஞ்சம் வழி விடுங்கக்கா."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் வரியை அடித்துவிட்டு, அவள் வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

கட்டுரைக்கு 'மூச்சுத் திணறும் ஊர்' என்று தலைப்பு வைத்ததும் நான்தான். அதை அவளிடம் இன்னும் காட்டவில்லை. நாளை அச்சுக்குப் போகிறது. வேறு தலைப்பு இருந்தால் சொல்லுங்கள், அந்த ஊர்ப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போகிறவர்கள் மட்டும்.