பூட்டுன வீட்டு இருமல்

இந்தப் பேய், பிசாசு, காத்து கருப்பு, இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கெடையாது மேடம், மொதல்லயே சொல்லிப்புடுறேன். ஊருல எவளாவது பயந்து போய் மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு வந்தா மொத ஆளா கேலி பண்றது நான்தான். சோலைக்காட்டுக்குள்ள தனியா வெறகுக்குப் போய் இருட்டுனப்பறம் வந்திருக்கேன், காட்டு மாட்டத் தவிர எதுக்கும் பயந்ததில்ல. அதனால நான் சொல்லப் போறத நம்புனா நம்புங்க, இல்லேன்னா ரூம் கூட்ட வந்தவ ஏதோ ஒளறுறான்னு காபியக் குடிச்சிட்டு விட்டுருங்க, எனக்கு வருத்தமில்ல. ஆனா நடந்துச்சு.

இப்பத்தான் நாங்க இங்க நாயுடுபுரத்துல வாடகைக்கு இருக்கோம், சொந்த ஊரு பூம்பாறையத் தாண்டி மேல போகணும். ஊர்ப் பேரு வேணாம், அந்தச் சனங்க இன்னும் அங்கதான இருக்காங்க. ஊரே பூண்டு வெவசாயம். பூண்டு எடுத்ததும் வெதைக்கு வேணுங்கறதக் கத்தை கத்தையாக் கட்டி, அடுப்புக்கு மேல பரண்ல தொங்க விட்டுருவோம். கீழ பச்ச வெறகப் போட்டு நெதமும் பொகை காட்டணும், அப்பத்தான் அடுத்த நடவு வரைக்கும் அழுகாது. அந்தப் பொகையிலயே பொறந்து வளந்தவங்க நாங்க. எங்க ஊருல இருமாத மனுசனே கெடையாது, இருமல் சத்தத்த வச்சே இன்னார் வீட்டுல எந்திரிச்சிட்டாங்கன்னு சொல்லிருவோம்.

அதுலயும் எங்க பக்கத்து வீட்டு ராமையா மாமா இருமல் ஊருக்கே தெரியும். சின்னதா ரெண்டு, அப்பறம் நெஞ்சச் சொரண்டுற மாதிரி நீளமா ஒண்ணு, முடிச்சதும் "முருகா"ன்னு ஒரு பெருமூச்சு. எங்களுக்கும் அவருக்கும் நடுவுல ஒரே மண்சொவருதான். எங்க வீட்டுக்காரருக்கு அவரு சித்தப்பா மொற. பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, மகன் செல்வம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தான், மனுசன் தனியாப் பூண்டையும் பொகையையும் கட்டிக்கிட்டுக் கெடந்தாரு.

கொரோனா ரெண்டாவது தடவ வந்துச்சுல்ல, அப்பத்தான் ஊரு மாறிப்போச்சு. கீழ இருந்து ஒருத்தனும் வரக்கூடாதுன்னு ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டாங்க. சரி, அது நாயம். அப்பறம் உள்ள இருக்கறவங்களையே பாத்துப் பயப்பட ஆரம்பிச்சாங்க. இருமுனா 108க்கு போன் போட்டுருவாங்க. எங்க பக்கத்துல இருந்து கீழ ஆஸ்பத்திரிக்குப் போன ரெண்டு பேரு திரும்பி வரல, பொணத்தக் கூடக் காட்டல. அது போதாதா? சாயந்தரமானா பால்பாண்டி அண்ணன் தலைமையில நாலஞ்சு ஆம்பளைங்க மூஞ்சியத் துண்டால கட்டிக்கிட்டுத் தெருத் தெருவாப் போவாங்க. ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் பேசாம நிப்பாங்க. எதுக்குங்கறீங்க? இருமல் கேக்குதான்னு.

சிரிக்காதீங்க மேடம். தாளிக்கறதையே நிறுத்திட்டோம், வத்தல் நெடி ஏறுனா இருமல் வந்துருமே. பச்சப் புள்ளைக்குப் பொற ஏறுனாக்கூட ஆத்தாக்காரி வாயப் பொத்திருவா. பரணுக்குப் பொகை போடுறதையும் விட்டுட்டோம். பொகை போட்டா, அந்த வீட்டுல யாருக்கோ இருமல் இருக்கு, அத மறைக்கத்தான் பொகை போடுறாங்கன்னு பேச்சு வந்துருச்சு. ஊரே வெதப்பூண்ட அழுக விட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ராமையா மாமா மட்டும் கேக்கல. "ஏலே, வெதை போச்சுன்னா அடுத்த வருசம் கொரோனாவையா நடுவீங்க?"ன்னு சத்தம் போட்டுட்டு அவரு பாட்டுக்குப் பொகை போட்டாரு, அவரு பாட்டுக்கு இருமுனாரு.

ஒருநா வெள்ளனே, ரோட்டுல கெடந்த மரத்த இவங்களே ஒதுக்கி விட்டு, 108 வேன் வந்துச்சு. "எனக்கு ஒண்ணுமில்லய்யா, இது பொகை இருமல்யா"ன்னு மனுசன் கையெடுத்துக் கும்பிட்டாரு. பால்பாண்டி அண்ணன் கம்ப வச்சுக்கிட்டுத் தூரத்துல நின்னு, "ஏறுங்க பெரியப்பா, வெரசா ஏறுங்க"ன்னாரு. நான் கதவிடுக்கு வழியாப் பாத்தேன், அவ்வளவுதான் முடிஞ்சுது. வீட்டப் பூட்டி வாசல்ல முள்ள வெட்டிப் போட்டாங்க. மறுவாரம் செல்வம் போன்ல அழுதான், அப்பா போயிட்டாருன்னு. கீழயே அடக்கம் பண்ணிட்டாங்க.

அது நடந்து கொஞ்ச நாள்ல எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்துச்சு. கூடவே இருமல்.

அவரு கீழ போனா திரும்ப மாட்டாருங்கறது மட்டுந்தான் மண்டைக்குள்ள ஓடுது. வேற நெனப்பே இல்ல. அடுப்படியில பரணுக்கு அடியில படுக்க வச்சு, கம்பளியப் போத்தி, இருமல் வரும்போதெல்லாம் துண்டச் சுருட்டி வாயில வச்சு அமுக்குவேன். அவரு கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி கொட்டும். தோட்டத்து ஆளு ஒடம்பு, அந்த இருமல் துண்டுக்குள்ள அடங்குமா? ரெண்டாம் நாளே எதுத்த வீட்டு அக்கா சன்னல்ல நின்னுக்கிட்டுக் கூப்பிட்டா.

"ஏ தாயி, ஒனக்கும் கேக்குதா?"

"என்னக்கா?"

"ராமையா மாமா வீட்டுல இருமுதுடி. பூட்டுன வீட்டுக்குள்ள. காலையில பொகை கூட வந்துச்சாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பாடான்னு இருந்துச்சு. ஒரே சொவருல்ல, எங்க வீட்டுச் சத்தம் அங்குட்டு இருந்து வர்ற மாதிரி இவங்களுக்குக் கேக்குது, மேகம் எறங்குறதப் பாத்துட்டுப் பொகைங்கறாங்கன்னு நெனச்சேன். "ஆமாக்கா, எனக்கும் கேக்குது, பயமாருக்கு"ன்னு நானும் ஒரு போடு போட்டேன். ஊரு அந்தப் பக்கம் நடக்கறதையே விட்டுருச்சு. உள்ளுக்குள்ள எனக்குச் சிரிப்பு. பூட்டுன வீட்டுக்குப் பயப்படுற இந்தக் கூமுட்டைங்க இருக்கற வரைக்கும் என் புருசனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தேன்.

அப்பறம் ஒருநா சாயந்தரம் மேகம் தெருவுக்கே எறங்கிருச்சு. எதுத்த வீடு தெரியல. வெளக்கு பொருத்துற நேரத்துக்குக் கதவத் தட்டுனாங்க. தொறந்தா பால்பாண்டி அண்ணனும் ஆளுங்களும், கையில டார்ச்.

"தம்பிய எங்க தாயி? ஆளையே காணோமே?"

"தோட்டத்துச் சோலிண்ணே, அசந்து படுத்திருக்காரு."

"எழுப்பு. இங்க வந்து ரெண்டு வார்த்தை பேசட்டும், நாங்க போயிடறோம்."

நான் வாசல மறிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். அவரு அடுப்படியில எந்திரிச்சு உக்காந்துட்டாரு. எனக்கு மட்டுந்தான் தெரியுது, அவங்களுக்குத் தெரியாது. இருமல் ஏறுது, அவரு தோளு தூக்குறதப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. துண்டு என் கையில இல்ல, ஓடிப்போய்ப் பொத்த நேரமும் இல்ல. முருகா, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அவரு வாய் தொறந்துச்சு. நெஞ்சு குலுங்குது, கழுத்து நரம்பு பொடைக்குது, ஒடம்பே ஆடுது. சத்தம் வரல மேடம். ஒரு பொட்டுச் சத்தம் வரல.

சத்தம் பூட்டுன வீட்டுக்குள்ள இருந்து வந்துச்சு.

சின்னதா ரெண்டு. அப்பறம் நீளமா ஒண்ணு. அந்தச் சொரண்டல், ராமையா மாமாவோட அதே சொரண்டல். எங்க வீட்டுக்காரரு நெஞ்சு எப்பக் குலுங்குதோ அப்பச் சத்தம் அங்க வருது, இவரு நிறுத்துனா அங்க நிக்குது. கடைசியா சொவருக்கு அங்குட்டு "முருகா"ன்னு பெருமூச்சு. என் புருசன் உதடும் அதே மாதிரி அசைஞ்சுது. இவரு வாயில முருகன் பேரே வராது மேடம், எல்லாத்துக்கும் "அட போப்பா"ங்கற ஆளு.

டார்ச்சக் கீழ போட்டுட்டு ஓடுனாங்க. பால்பாண்டி அண்ணன் செருப்பு ஒண்ணு எங்க வாசல்லயே கெடந்துச்சு. நான் ஓடவும் முடியாம, உள்ள போகவும் முடியாம நிலையப் புடிச்சுக்கிட்டே நின்னேன். என் புருசங்கிட்டப் போகவே எனக்குப் பயமா இருந்துச்சு, அதச் சொன்னா நம்புவீங்களா? அவரு என்னையப் பாத்து, "போயிட்டாங்களா? எப்படியோ அடக்கிட்டேன்"ன்னாரு. அடக்கிட்டாராம்! பக்கத்துல கேட்டது அவரு காதுக்குக் கேக்கவே இல்ல.

அப்பறம் ஒருத்தரும் எங்க பக்கம் வரல. இவருக்கும் மெல்ல மெல்லச் சரியாயிருச்சு.

எல்லாம் அடங்குனப்பறம் செல்வம் வந்து வீட்டத் தொறந்தான். நானும் கூட நின்னேன். அடுப்பு வாயில செலந்தி வல கட்டியிருந்துச்சு, சாம்பலு கல்லு மாதிரி எறுகிக் கெடந்துச்சு. அவன் பரணப் பாத்துட்டு, "என்ன மதினி இது?"ன்னான். ஊரு பூராவும் வெதப்பூண்டு அழுகி நாறிக்கிட்டுக் கெடக்கு, மாமா பரண்ல ஒரு பல்லு கூடக் கெட்டுப்போகல. கத்தை எல்லாம் புதுசா கரி ஏறி, நேத்துத்தான் பொகை போட்ட மாதிரி கையில ஒட்டுது. அந்த வருசம் ஊரு நட்டது அந்த வெதையத்தான். மாமாவ வேன்ல ஏத்துன அதே சனங்க வரிசையில நின்னு வாங்கிட்டுப் போனாங்க. நான் வாங்கல. என்னால அந்தப் பூண்டத் தொடவே முடியல. தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துட்டோம்.

இதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. எங்க வீட்டுக்காரரு இருமுனா இன்னிக்கு வரைக்கும் சத்தம் வராது. பேசுவாரு, சிரிப்பாரு, கொறட்டை விடுவாரு, இருமல் மட்டும் ஊமையாத்தான் வரும். டாக்டரு லைட்டடிச்சுப் பாத்துட்டுத் தொண்டையில ஒண்ணும் இல்லன்னுட்டாரு. அவருக்கு அது ஒரு பெரிய விசயமாவும் தெரியல. நானும் பழகிக்கிட்டேன்னுதான் நெனச்சேன்.

இந்த வாரம் அவருக்குச் சளி புடிச்சிருக்கு. நேத்து வேல முடிஞ்சு போய் ஒல வச்சிட்டு இருந்தேன், செல்வம் போன் போட்டான். அவன் இப்ப ஊரோட வந்து பொண்டாட்டியோட அந்த வீட்டுலதான் இருக்கான். கொரலே சரியில்ல.

"மதினி, நீங்க நம்ப மாட்டீங்க. பரண்கிட்ட அப்பா இருமுறாரு. அப்பப்ப வரும் போகும், இந்த வாரம் ஓயவே மாட்டேங்குது. இவ இருக்க முடியாதுன்னு அழுகுறா. வீட்ட இடிச்சிரலாம்னு ஆள் பேசிட்டேன். இந்தா, இப்பக்கூடக் கேக்குது பாருங்க."

போன அந்தப் பக்கமாத் திருப்பிப் புடிச்சான் போல. நான் திரும்பிப் பாத்தேன். எங்க வீட்டுக்காரரு கட்டில்ல உக்காந்திருக்காரு. தோளு தூக்குது. வாய் தொறக்குது. சின்னதா ரெண்டு, நீளமா ஒண்ணு, அத்தனையும் என் காதுல இருக்கற போன்ல கேக்குது. அவரு உதடு அசைஞ்சுது, போன்ல "முருகா"ன்னு கேட்டுச்சு.

இடிக்காதடான்னு சொல்ல வாயெடுத்தேன் மேடம். ஏன்னு கேட்டா, என் புருசன் இருமல் அந்தச் சொவருக்குள்ள இருக்கு, அது இடிஞ்சா இவருக்கு என்ன ஆகுமோன்னா சொல்லுவேன்? வர்ற திங்கக்கெழம ஆளு வர்றாங்களாம்.