இடப்பக்கத்து முகம்

என் அக்கா முப்பத்திரண்டு வருடம் விளம்பரங்களில் வந்தாள். எல்லாவற்றிலும் இடப்பக்கம்தான். படத்துக்குக் கீழே "முன்" என்று போட்டிருக்குமே, அந்தப் பக்கம்.

ஒரு விளம்பர அலுவலகத்தில் டைப் அடிக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். முகக்களிம்பு ஒன்றுக்குப் படம் எடுத்த அன்று, வந்திருந்த பெண்ணை என்ன செய்தும் அவலட்சணமாகக் காட்ட முடியவில்லை. போட்டோகிராபர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மேடம், ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்" என்று அக்காவைக் கூப்பிட்டார். கன்னத்தில் எண்ணெய் தடவி, விளக்கை மோவாய்க்குக் கீழே வைத்தார். பத்திரிகையில் இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் அந்தப் பெண். களிம்பு பூசினால் ஆளே மாறிவிடுவாள் போலிருக்கிறது! அந்தக் காலத்து அச்சில் எல்லா முகமும் கருப்புப் புள்ளிகள்தானே, யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதன்பிறகு விட்டபாடில்லை. தலைவலி, பொடுகு, மூட்டுவலி என்று அக்காவுக்கு வராத நோயே கிடையாது. டி.வி. வந்ததும் முகம் மட்டும் போதாமல் பெருமூச்சும் விட வேண்டியிருந்தது. சட்டைக் கறையை முறைத்துக்கொண்டு நிற்பாள். சிரித்துக்கொண்டே இன்னொருத்தி சோப்போடு வருவாள்.

"உங்கம்மாவுக்கு எப்பதான்டி குணமாகும்?" என்று பள்ளியில் அவள் மகளைக் கேட்டார்கள். அத்தானோ, "முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது பாரு, வீட்லயும் ரிகர்சல்" என்பார். அக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு எழுந்து போய்க் கண்ணாடி முன் நிற்பாள். அங்கிருந்து ஜன்னல், மறுபடி கண்ணாடி. ஒரே ஒரு தடவை வலப்பக்கம் வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும், "இந்தத் தடவை நான் பின் தானே?" என்று போன் போட்டுக் கேட்பாள். "அடுத்ததுல பாக்கலாம் மேடம்" என்பார்கள்.

முதலாளி ஓய்வுபெற்று, அவர் மகள் பொறுப்புக்கு வந்தாள். விளம்பரமெல்லாம் செல்போனுக்குள் போனது. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயதானபோது அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, இந்தத் தடவை ஒரே ஒரு போட்டோ போதும். மிச்சத்தக் கம்ப்யூட்டர் பாத்துக்கும். நல்லாத் தூங்கி எழுந்து அழகா வாங்க."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. விகாரமான முகத்தைக் கம்ப்யூட்டர் செய்துகொள்ளும், அழகான முகத்துக்கு நான் என்று கணக்குப் போட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள், முடியைச் சீர்செய்தாள், என் முத்துத் தோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். விளக்கு முதல்முறையாக நேர் எதிரே இருந்ததாம். வந்து பத்துத் தடவை சொன்னாள்.

அதன்பின் ஒரு வாரம் அவளோடு இருந்தவர்கள் பாவம். போன் கையைவிட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனால் என்னைக் காவல் வைப்பாள்.

விளம்பரம் வந்தது. முத்துத்தோட்டோடு, நேர் விளக்கில், என் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே "முன்". வலப்பக்கம் அதே தோடு, அதே சிரிப்பு. ஆனால் கண்ணோரத்தில் ஒரு கோடு கிடையாது, கழுத்தில் மடிப்பு கிடையாது.

நான்தான் போன் போட்டுச் சண்டைக்குப் போனேன். அந்தப் பெண் பொறுமையாகவே சொன்னாள்: "அழுமூஞ்சிய இப்ப யாரும் நம்பறதில்ல ஆன்ட்டி. நல்லா இருக்கறவங்களுக்கே ஏதோ குறையா இருக்குன்னு தோணணும். அப்பதான் வாங்குவாங்க."

அக்கா கண்ணாடியிடம் போகவில்லை, ஜன்னலிடமும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலால் வலப்பக்கத்தை மறைத்து, போனை என்னிடம் நீட்டினாள்.

"இப்பப் பாத்துச் சொல்லுடி. நான் நல்லாத்தானே இருக்கேன்?"